நெருப்புக்குக் கண் கிடைத்த வரலாறு

காமாலை கண்ட குழந்தைக்குச் சூடு போடுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்து வந்த ஒரு வழக்கம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையிலோ வயிற்றிலோ வைத்துச் சுடுவர். தோல் கருகும், குழந்தை வீறிட்டு அலறும், நோய் ஓடிவிட்டதென்று சுற்றி நிற்போர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்வர். காமாலை வகைகளிற் பல தாமே தணியும் இயல்பின. ஆகவே, பிழைத்த குழந்தை சூட்டினாற் பிழைத்ததென்றும், இறந்த குழந்தை விதியினால் இறந்ததென்றும் கணக்கு எழுதப்பட்டது. இத்தகைய கணக்கில் சூடு போட்டவன் ஒருபோதும் தோற்பதில்லை.

இவ்வழக்கத்தைக் கண்டித்து நம் சீர்திருத்தக்காரர் பேசியதும் எழுதியதும் மிகுதி. அக்கண்டனம் நியாயமானதே. எனினும் ஒரு செய்தி நேயர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலுமுள்ள பெரிய மருத்துவமனைகளில், கல்லீரலில் தோன்றும் புற்றுக் கட்டியை டாக்டர்கள் சூட்டினாலேயே அழிக்கின்றனர். வயிற்றைக் கிழிப்பதில்லை. விலாவெலும்புகளின் நடுவே மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்தி, அதன் முனையைக் கட்டியின் நடுவில் நிறுத்தி, அங்கே வெப்பத்தை எழுப்பிக் கட்டியை அவித்துவிடுகின்றனர். நோயாளி பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்புகிறார்.

ஈரல் நோய்க்கு அன்றும் சூடு, இன்றும் சூடு. அன்றைய சூட்டை மூடத்தனம் என்கிறோம். இன்றைய சூட்டை விஞ்ஞானம் என்கிறோம். அங்ஙனமாயின் இரண்டிற்கும் வேற்றுமை யாது? நாட்டுப்புறத்தான் செய்தால் பிழை, வெள்ளை அங்கி அணிந்தவன் செய்தால் சரி என்பதுதானா? இவ்வினாவுக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழையோர் கையில் நெருப்பு

நெருப்பை மருந்தாகக் கொண்டது எந்த ஒரு நாட்டாரின் தனியுரிமையும் அன்று. 1862ஆம் ஆண்டில் எட்வின் ஸ்மித் என்பவர் எகிப்து நாட்டு லக்சாரில் ஒரு பழஞ்சுவடியை விலைக்கு வாங்கினார். கி. மு. 1600 அளவில் எழுதப்பட்டதெனக் கருதப்படும் அந்தப் பாப்பிரஸ் சுவடி 1930இல் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. மார்பில் எழும் ஒருவகைக் கட்டியைத் தீக்கோலாற் சுடுமாறு அச்சுவடி கூறுகிறது; மற்றொரு வகைக் கட்டிக்குச் சிகிச்சையே இல்லையென்று ஒளியாமல் ஒப்புக்கொள்கிறது. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வைத்தியனின் இந்த நேர்மை நம் மதிப்புக்குரியது. எல்லா நோய்க்கும் தன்னிடம் மருந்துண்டு என்று பறைசாற்றும் இக்காலத்துச் சிலர் அவனிடம் பாடம் கேட்கலாம்.

கிரேக்க வைத்தியர் மருந்து முதலாவது, கத்தி இரண்டாவது, நெருப்பு இறுதியானது என வரிசைப்படுத்தினர். சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல் சுடும் சிகிச்சைக்கெனத் தனியே ஓர் அத்தியாயம் வகுத்து, காரத்தாற் சுடுவதினும் தீயாற் சுடுவதே மேலானது, அவ்வாறு தணிந்த நோய் மீளாது எனக் கூறுகிறது. நம் சித்த வைத்தியத்திலும் புற மருத்துவ முறைகளுள் ஒன்றாகச் 'சுட்டிகை' எண்ணப்படுகிறது. ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபாவைச் சார்ந்து வாழ்ந்து 1013இல் மறைந்த அரபு வைத்தியர் அல்-ஸஹ்ராவி, தம் பெருநூலின் ரண சிகிச்சைப் பகுதியைச் சூட்டுக்கோலைக் கொண்டே தொடங்குகிறார். எந்த நோய்க்கு எவ்வடிவான கோல் என்பதைப் படம் வரைந்து காட்டுகிறார். ஈரல் நோய்க்கு வயிற்றின் மேற்புறத்தில் எங்கே சுடுவது என்பதும் அதில் உண்டு.

இவர்களெல்லாம் அறிவிலிகள் அல்லர். கொதிக்கும் இரும்பு பட்ட இடத்தில் இரத்தம் உறைகிறது, அழுகல் நிற்கிறது, கெட்ட சதை மடிகிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள். தோலின்மேல் உள்ள புண்ணுக்கு அவர்கள் முறை பலமுறை பயன்பட்டும் இருக்கிறது. குறை எங்கே நேர்ந்ததெனின், கண்ணுக்குத் தெரியாத உள்ளுறுப்புக்கும் அதே முறையை அவர்கள் நீட்டித்ததில்தான். ஈரல் உள்ளே இருக்கிறது. சூடு வெளியே விழுகிறது. நடுவே தோல், கொழுப்பு, தசை, விலாவெலும்பு ஆகிய இத்தனை மதில்கள். தோலிற் பட்ட சூடு ஈரலைத் தீண்டுவதே இல்லை. ஆகவே பிழை நெருப்பினுடையதன்று. குறி அறியாமற் சுட்டதே பிழை.

ஓர் இரவில் வீழ்ந்த கோட்பாடு

ஐரோப்பாவில் நெருப்பின் ஆட்சிக்கு முதல் அடி விழுந்தது 1537இல். பிரெஞ்சுச் சேனையோடு வட இத்தாலிக்குச் சென்றிருந்தார் அம்புருவாஸ் பாரே என்னும் இளைஞர். துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணில் வெடிமருந்தின் நஞ்சு ஏறியிருக்கும், அந்நஞ்சை முறிக்கக் கொதிக்கும் எண்ணெயைப் புண்ணுக்குள் ஊற்றவேண்டும் என்பது அக்காலத்துப் பெரியோர் கொள்கை. ஒரு நாள் போரில் எண்ணெய் தீர்ந்து போயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட்கருவையும் ரோஜா எண்ணெயையும் கர்ப்பூரத் தைலத்தையும் குழைத்துப் புண்களிற் பூசினார் பாரே. தாம் சுடாமல் விட்டவர்கள் நஞ்சேறி மாண்டிருப்பார்களோ என்ற அச்சத்தால் அவருக்கு அன்றிரவு உறக்கமில்லை. விடியுமுன் எழுந்து ஓடிப் பார்த்தார். சுடாதவர்கள் வலி குறைந்து அமைதியாயிருந்தனர். சுடப்பட்டவர்களோ காய்ச்சலும் வீக்கமும் கொண்டு துடித்துக்கொண்டிருந்தனர்.

இனிக் குண்டு பட்ட ஏழைகளை இவ்வளவு கொடுமையாகச் சுடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டார். 1545இல் இவ்வநுபவத்தை நூலாக வெளியிட்டார். கற்றோர் மொழியெனப்பட்ட லத்தீனை அவர் அறியார். தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே எழுதினார். பின்னர், உறுப்பை வெட்டியகற்றும்போது இரத்தக் குழாயைச் சுடுவதை விட்டு நூலாற் கட்டும் பழைய முறைக்கும் உயிரூட்டினார். பெரியோர் சொன்னது, நெடுநாள் நடந்தது என்னும் இரண்டு சான்றுகளையும் ஒதுக்கிவிட்டு, சுட்டவனையும் சுடாதவனையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தது பாரே செய்த புரட்சி. பகுத்தறிவு என்பது இதற்கு மேற்பட்ட ஒரு பெரிய மந்திரம் அன்று.

மின்சாரம் தந்த புதுச் சூடு

சூட்டுக்கோல் பின்னே தள்ளப்பட்ட பின்பு, நெருப்பு வேறொரு வடிவில் மீண்டு வந்தது. 1891இல் பாரிஸ் நகரத்து விஞ்ஞானி தார்சொன்வால் ஓர் உண்மையை வெளியிட்டார். திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம் வினாடிக்குப் பதினாயிரம் தடவைக்கு மேல் மாறுமாயின், அது உடலினூடே சென்றாலும் தசைகளை வெட்டியிழுப்பதில்லை. வெப்பத்தை மட்டுமே உண்டாக்குகிறது. கொல்லும் மின்சாரம் இங்ஙனம் வைத்தியனுக்கு அடங்கிய கருவியாயிற்று.

இதனை ரண சிகிச்சையில் நிலைநாட்டியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மூளை வைத்திய நிபுணர் ஹார்வி குஷிங்கும், பௌதிக அறிஞர் வில்லியம் போவியும் ஆவர். சில நாட்களுக்கு முன் இரத்தப் பெருக்கிற்கு அஞ்சி இடையில் நிறுத்தப்பட்ட ஒரு தலைக்கட்டிச் சிகிச்சையை, 1926ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், போவி அமைத்த மின்கருவியின் துணைகொண்டு குஷிங் முடித்தார். வெட்டும்போதே இரத்தம் உறைந்து நின்றது. அன்று முதல் உலகெங்கும் ரண சிகிச்சை மேசைகளில் இக்கருவி இடம் பெற்றது. ஆயினும் இதுவும் திறந்த உடலில், கண்ணாற் பார்த்துச் சுடுவதே. மூடிய உடலினுள் சுடுவதற்கு இன்னும் கண் வாய்க்கவில்லை.

ஈரல் என்னும் கோட்டை

கல்லீரலைத் திறந்து வெட்டினால் என்ன என்று கேட்கலாம். வெட்டிப் பார்த்தார்கள். ஆனால் அவ்வுறுப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஓர் இரத்தக் களஞ்சியம். நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனூடே பாய்கிறது. 1888இல் பெர்லின் நகரத்து லாங்கன்பூக் என்பவர் திட்டமிட்டு ஈரலின் ஒரு பகுதியை முதன்முதலில் வெட்டியெடுத்தபோது, இரத்தப் பெருக்கை நிறுத்த அந்நோயாளியின் வயிற்றை இரண்டாம் முறையும் திறக்க நேர்ந்தது.

ஈரலின் உட்குழாய்கள் ஓடும் வழியை அறியாமல் அதனை வெட்டுவது இருட்டில் ஆற்றைக் கடப்பது போன்றது. அவ்வழியைக் கண்டறிந்தோருள் முதல் வரிசையில் நிற்பவர் ஓர் ஆசியர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஹானோய் நகரில், தோன் தாட் துங் என்னும் வியட்நாமிய இளைஞர், இறந்தோரின் ஈரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து குழாய்களின் அமைப்பை 1939இல் எழுதினார். பின்னாளில், அக்குழாய்களை ஈரலினுள்ளேயே விரலால் நாடிக் கட்டி, சில நிமிஷங்களில் வெட்டி முடிக்கும் முறையை வகுத்தார். 1963இல் உலகம் அதனை ஏறிட்டு நோக்கியது. பாரிஸ் நகரத்துக் கூயினோ 1957இல் ஈரலை எட்டுக் கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். இன்று எந்த நாட்டு டாக்டரும் கட்டி இருக்குமிடத்தை ஐந்தாம் கூறு, எட்டாம் கூறு என்று குறிப்பிடுவது அவர் வகுத்த எண்ணைக் கொண்டே.

இவ்வளவும் நடந்த பின்னும் ஒரு பெருந்தடை எஞ்சியது. ஈரலிலேயே பிறக்கும் புற்று, நல்ல ஈரலில் தோன்றுவது குறைவு. மஞ்சட் காமாலைக் கிருமியாலோ குடியினாலோ பல்லாண்டு புண்பட்டு, தழும்பேறி, இறுகிச் சுருங்கிய ஈரலிலேயே அது பெரும்பாலும் முளைக்கிறது. அத்தகைய ஈரலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால் எஞ்சிய பகுதி உடலைத் தாங்காது. கட்டி சிறியதாயினும் நோயாளி வெட்டைத் தாங்கமாட்டார் என்று கைவிரிக்கப்பட்டவர் எண்ணிலர். நல்ல சதையை விட்டுக் கெட்ட சதையை மட்டும் அழிக்கும் வழி ஒன்று வேண்டியதாயிற்று.

கண் திறந்த கதை

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். எலும்பு தெரிந்தது, ஆனால் ஈரலினுள் உள்ள கட்டி அதில் தெரியவில்லை. சதைக்குள் சதையைப் பிரித்துக் காட்டும் கண் வர மேலும் அறுபதாண்டு சென்றது.

அக்கண்களில் ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயான் டொனால்டு, இரண்டாம் உலகப் போரில் விமானப் படையிற் பணி செய்தவர். கொதிகலம் செய்வோர் உருக்கில் மறைந்துள்ள வெடிப்பைக் காண ஒலியலைகளைப் பாய்ச்சுவதை அறிந்து, 1955இல் வெட்டியெடுத்த கட்டிகளைத் தொழிற்சாலைக்கே கொண்டுசென்று அக்கருவியாற் சோதித்தார். நீர் நிறைந்த கட்டியும் சதை நிறைந்த கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. வயிற்றில் தீராப் புற்று என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, உண்மையில் இருப்பது சினைப்பையிலுள்ள நீர்க்கட்டியே என்று அக்கருவி காட்டியது, கட்டி அகற்றப்பட்டது, அவர் பிழைத்தார். தம் ஆராய்ச்சியை டொனால்டும் உடன் உழைத்தோரும் 1958இல் வெளியிட்டனர். நம் தாய்மார்கள் பிள்ளையைப் பார்க்கச் செல்லும் 'ஸ்கேன்' என்பது இதன் வழி வந்ததே.

மற்றொரு கண் 'சி.டி.' எனப்படும் கதிர்ப்படம். இசைத் தட்டுகளுக்குப் பெயர் போன இ.எம்.ஐ. என்னும் பிரிட்டிஷ் கம்பெனியில் பொறியியல் வல்லுநராயிருந்த காட்பிரி ஹௌன்ஸ்பீல்டு, உடலைச் சுற்றிப் பல கோணத்திலிருந்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கணிப்பொறியால் கூட்டினால், உடலை வாழைத் தண்டைப் போல் வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதற்கொப்பான படம் கிடைக்குமென்று கண்டார். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனையடுத்த விம்பிள்டனில் முதல் நோயாளிக்கு மூளைப் படம் எடுக்கப்பட்டது. குஷிங் மின்கருவியை எடுத்த நாளுக்குச் சரியாக நாற்பத்தைந்தாண்டுகள் பின். இம்முறைக்குக் கணித அடிப்படை வகுத்த கார்மாக்கும் ஹௌன்ஸ்பீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கண்ணும் நெருப்பும் கூடிய நாள்

கண் கிடைத்தவுடன், ஊசியைக் கட்டிக்குள் வழிநடத்துவது கைகூடிற்று. முதலில் நெருப்பையன்று, சாராயச் சத்தைச் செலுத்தினர். 1980க்குப் பின் ஜப்பானிலும் இத்தாலியிலும், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துக்கொண்டே தூய ஆல்கஹாலை ஊசி மூலம் கட்டியிற் பாய்ச்சி அதனை மடியச் செய்தனர். செலவு குறைந்த நல்ல முறை. ஆனால் நீர்மம் தன் விருப்பப்படி ஓடும். கட்டியின் ஒரு மூலையை நனைத்து மறு மூலையை விட்டுவிடும். விட்ட மூலையிலிருந்து நோய் மீண்டும் தளிர்க்கும். எல்லாத் திசையிலும் ஒரு சீராகப் பரவும் ஆயுதம் தேவைப்பட்டது. அது வெப்பமே.

1990ஆம் ஆண்டில், இத்தாலியில் ரொஸ்ஸி குழுவினரும், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்காகன் குழுவினரும், தனித்தனியே ஒரே கருத்தை வெளியிட்டனர். தோலின் வழியே ஊசியைச் செலுத்தி, வானொலி அலைக்குரிய வேகத்தில் மாறும் மின்சாரத்தைப் பாய்ச்சி, விலங்குகளின் ஈரலில் ஓரிடத்தை மட்டும் அவிக்கலாம் எனக் காட்டினர். சில ஆண்டுகளில் ரொஸ்ஸி இதனை மனிதருக்குச் செய்தார்; 1996இல் ஐம்பது நோயாளிகளின் பலனை வெளியிட்டார்.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியது. நோயாளியின் தொடையில் உலோகத் தகடுகள் ஒட்டப்படும். ஊசி முனைக்கும் தகட்டுக்கும் இடையே மின்சாரம் வினாடிக்கு நான்கைந்து லட்சம் தடவை திசை மாறிப் பாயும். சதையிலுள்ள உப்பின் மின்துகள்கள் அதனோடு முன்னும் பின்னும் ஆடி ஒன்றோடொன்று உராயும். உராய்வில் வெப்பம் பிறக்கும். தகடு அகன்றது; ஆகவே அங்கே மின்சாரம் பரந்து தணிகிறது. ஊசி முனை நுண்ணியது. ஆகவே அங்கே செறிந்து சுடுகிறது. சுடுவது ஊசியன்று, ஊசியைச் சுற்றியுள்ள சதை தானே சூடேறுகிறது என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

50 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் சில நிமிஷங்களில் உயிரணுக்கள் மடியும். 60 டிகிரிக்கு மேல் உடனே உறையும். முட்டையின் வெண்கரு வேகுங்கால் நிகழ்வது போன்றதே இது. அப்படியாயின் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நன்றல்லவா எனின், அன்று. 100 டிகிரியைத் தாண்டினால் சதையிலுள்ள நீர் ஆவியாகிச் சதை கரியாகும். கரி மின்சாரத்தைத் தடுக்கும். வெப்பம் மேற்கொண்டு பரவாது நின்றுவிடும். சோற்றைத் தீய்த்தவள் பானையின் அடியைக் கருக்கி மேற்சோற்றை அரிசியாக விடுவது போல, அவசர நெருப்பு அருகிலுள்ளதைக் கரியாக்கி அப்பாலுள்ளதைத் தீண்டாது விட்டுவிடும். இத்தடையை வெல்ல, ஊசியின் உட்புறத்தே குளிர்ந்த நீரை ஓடவிடும் முறையை 1996இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கட்டிக்குள் சென்றபின் குடைக்கம்பி போல் விரியும் ஊசிகளும் வந்தன. சுடுவதற்கே குளிர்ச்சி துணையாக வேண்டியிருந்தது பாருங்கள்!

இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிக்காக வளர்ந்து பின் அடுப்பங்கரைக்கு வந்த நுண்ணலையும் இப்பணியிற் சேர்ந்தது. ஜப்பானில் சேக்கி குழுவினர் 1994இல் நுண்ணலை ஊசியாற் சிறு ஈரற்கட்டிகளைச் சுட்ட செய்தியை வெளியிட்டனர். நுண்ணலை நீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடாக்குவதால், கரி அதற்கு அவ்வளவு தடையன்று, விரைவும் மிகுதி. இன்று பல மருத்துவமனைகளில் இதுவே முதலிடம் பெற்றுவருகிறது.

கட்டியை மட்டும் சுட்டால் போதாது. அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல சதையையும் சேர்த்துச் சுட வேண்டும். களையைப் பறிப்பவன் வேரோடு சிறிது மண்ணையும் எடுப்பதை ஒக்கும் இது. குடல் மிக அருகில் இருப்பின், இடையே சர்க்கரை நீரைச் செலுத்திக் குடலை விலக்கி வைப்பர். முடிந்தபின் மருந்தேற்றிப் படம் எடுத்துச் சுட்ட இடம் கட்டியை முழுதும் விழுங்கியதா என்று பார்ப்பர். பாரே விடியற்காலையில் ஓடிச் சென்று பார்த்ததும் இதுவும் ஒரே குணம்: செய்தபின் சரிபார்த்தல்.

இது சர்வரோக நிவாரணி அன்று

புதிய முறையைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் நாமும் பழைய மந்திரவாதியின் தொழிலையே செய்தவராவோம். ஆகவே குறையையும் கூறுவோம்.

தோக்கியோவில் 232 நோயாளிகளை இருபிரிவாக்கி ஆல்கஹாலையும் மின்சூட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்காண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர் ஆல்கஹால் பிரிவில் 57 விழுக்காடு, மின்சூட்டுப் பிரிவில் 74 விழுக்காடு. சூடு வென்றது. ஆனால் கத்தியோடு ஒப்பிடுங்கால் விடை அவ்வளவு தெளிவன்று. சீனத்துக் குவாங்சோவில் 180 பேரை வைத்து நடந்து 2006இல் வெளிவந்த ஆராய்ச்சி, சூடும் கத்தியும் ஏறக்குறைய சமம் என்றது. அதே நாட்டில் 230 பேரை வைத்து நடந்து 2010இல் வெளிவந்த மற்றொன்று, கத்தியே மேலானது என்றது. பெருங்குடலில் பிறந்து ஈரலுக்குப் பரவிய சிறு கட்டிகளைப் பொறுத்தவரை, டச்சு நாட்டார் முன்னின்று நடத்தி 2024இல் அறிவித்த சோதனையில், சுட்டவர்கள் வெட்டப்பட்டவர்களைவிடக் குறைவாக வாழவில்லை. தொல்லைகளும் அவர்களுக்குக் குறைவு. ஆகவே எவருக்கு எது என்பதை ஈரலின் நிலை, கட்டியின் அளவு, எண், இடம் ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆபத்தும் இல்லாமலில்லை. இத்தாலியில் 41 மருத்துவமனைகளில் 2,320 நோயாளிகளுக்குச் செய்ததைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட கணக்கில் இறந்தவர் 6 பேர். இது சிறு தொகை எனினும் சூனியம் அன்று. பெரிய இரத்தக் குழாயை ஒட்டியுள்ள கட்டியைச் சுடும்போது, ஓடும் இரத்தம் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். அவ்வோரத்தில் நோய் எஞ்சலாம். சுருங்கிய ஈரல் முழுவதும் நோய் விளையும் நிலமாதலால், ஒரு கட்டியைச் சுட்டபின் வேறிடத்தில் புதுக்கட்டி முளைப்பதும் உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையானது அளவு. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியில் இம்முறை நன்கு வெல்லும். 2 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாயின் இன்னும் நன்று. கட்டி வளர வளர வெற்றி குறையும். மூன்று சென்டிமீட்டர் என்பது ஓர் எலுமிச்சம் பழத்தினும் சிறியது. அந்த அளவில் கட்டி வலிப்பதில்லை, காமாலை காட்டுவதில்லை, பசியைக் கெடுப்பதும் இல்லை. நோயாளி உணரும் காலத்தில் அது பெரும்பாலும் எலுமிச்சையைத் தாண்டித் தேங்காயை நோக்கிச் சென்றிருக்கும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த ஊசியும் பயன்படாது. விஞ்ஞானம் நெருப்புக்குக் கண் கொடுத்துவிட்டது. ஆனால் அக்கண்ணின் முன் போய் நிற்கவேண்டியவர் நாமே.

நாம் செய்யத்தக்கது

தோழர்களே! இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்கிற்காக எழுதப்பட்டதன்று. ஈரற் புற்று வானத்திலிருந்து வீழ்வதில்லை. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1981இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஹெப்படைட்டிஸ் பி என்னும் காமாலைக் கிருமியை உடலில் தாங்கியோருக்கு ஈரற் புற்று வரும் வாய்ப்பு மற்றவரினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டதெனத் தெரிந்தது. அக்கிருமியைக் கண்டறிந்த பிளம்பர்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. 1984இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தொடங்க, அங்கே சிறுவரின் ஈரற் புற்று குறைந்தது. சிங்கப்பூர் 1987இலும் மலேசியா 1989இலும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதனை வழங்கத் தொடங்கின. அதற்கு முன் பிறந்தவர்கள்? இன்று நாற்பதைக் கடந்த பலர் அத்தடுப்பூசி பெறாதவர்கள். அவர்களுள் யாரிடம் கிருமி ஒளிந்திருக்கிறது என்பதை ஜோசியனும் சொல்லமாட்டான், பூசாரியும் சொல்லமாட்டான். ஒரு துளி இரத்தம் சொல்லும்.

இரண்டாவது காரணம் குடி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். படிப்பறிவு குறைந்தோர் எனப்பட்ட அத்தொழிலாளர் தங்கள் ஈரலையும் தங்கள் பிள்ளைகளின் சோற்றையும் சேர்த்தே காக்க முனைந்தனர். தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டுவிட்டன. மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆனால் சம்சுவும் மலிவுச் சாராயமும் பின்தொடர்ந்தே வந்தன. அவற்றோடு, உழைப்புக் குறைந்து உணவு மிகுந்த வாழ்வினால் வரும் கொழுப்பேறிய ஈரலும் இப்போது சேர்ந்துகொண்டது.

கிருமி உள்ளதெனத் தெரிந்தவரும், ஈரல் சுருங்கியதெனக் கூறப்பட்டவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் படம் எடுத்துப் பார்ப்பது டாக்டர்கள் வகுத்த நெறி. இதில் வலியில்லை, கத்தியில்லை, அரை மணிக்குட்பட்ட வேலை. ஆனால் நம்மவர் என்ன செய்கின்றனர்? உடம்பு நன்றாய்த்தானே இருக்கிறது என்பர். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்பர். கெட்ட செய்தி கேட்டுவிடுவோமோ என்று அஞ்சுவர். இவற்றுள் சம்பளக் கவலை உண்மையான கவலை. தொழிற்சங்கங்களும் நம் பொது அமைப்புகளும் அதற்கு வழி காணவேண்டும். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடும் சங்கத்தாருக்கு, ஆண்டுக்கொரு நாள் அப்பந்தலின் ஒரு மூலையில் இரத்தப் பரிசோதனைக்கு மேசை போடுவது அரிய காரியமா? மற்ற இரண்டும் வெறும் அச்சம். கட்டியைப் பாராமல் இருப்பதால் கட்டி இல்லாமற் போவதில்லை. பார்க்கத் தவறிய ஒவ்வோர் ஆறு மாதமும் அதற்கே ஆதாயம்.

நோய் கண்டபின்னும் சிலர் வேரும் தழையும் தேடி மாதக்கணக்கில் அலைவதுண்டு. நாட்டு மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. எந்த மருந்தாயினும் பாரே கேட்ட கேள்விக்கு அது விடை சொல்லட்டும்: உண்டவன் எப்படியிருக்கிறான், உண்ணாதவன் எப்படியிருக்கிறான்? அதற்கு விடை கூறாமல், பழமையையும் தெய்வத்தையும் சாட்சிக்கு அழைப்பவனிடம் உயிரை ஒப்படைப்பது, அன்று காமாலைக் குழந்தையைச் சூட்டுக்கோலுக்கு ஒப்படைத்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

1989க்கு முன் பிறந்த ஒவ்வொருவரும் இம்மாதத்திற்குள் அருகிலுள்ள கிளினிக்கில் ஒருமுறை ஹெப்படைட்டிஸ் பி சோதனை செய்துகொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கிருமி இல்லையெனில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். உண்டெனில் அடுத்த படம் எந்த நாளில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.